சுணை

21.1.2025, செவ்வாய்

கொள்முதல் நிலையம் திறந்து ஆறு நாள் ஆகிறது. சம்பா நெல் களம் முழுக்கக் குவிந்து கிடக்கிறது. தூற்றும் மெஷின் ஓடத் தொடங்கினால் பத்தடி தள்ளி நிற்பவன் முகம் தெரியாது. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. மூட்டை தூக்கும் ரெத்தினம், வெற்றிலை எச்சிலைத் துடைத்த அதே கையால் டீ கிளாஸை நீட்டுகிறான், கட்டைவிரல் டீக்குள் இருக்கிறது. பாடுபடுகிறவன், ஒன்றும் சொல்ல முடியவில்லை. வாங்கிக்கொண்டு போய்ச் சாக்கு அடுக்குக்குப் பின்னால் ஊற்றிவிட்டு வந்தேன்.

"சுத்தக்கார சாரு குடிச்சிட்டாங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் பெயர் எனக்குப் பத்து வருடமாக இருக்கிறது. பட்டியல் எழுத்தர் சேரன் என்றால் நன்னிலம் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, சுத்தக்கார சார் என்றால் தெரியும். இருக்கட்டும். சுத்தமாக இருப்பது ஒரு குற்றமா?

இரண்டு நாளாக அரிக்கிறது. எங்கே என்று எழுதப் போவதில்லை. என் டைரிதான், மேஜை டிராயரில் பூட்டி வைப்பதுதான், இருந்தாலும் எழுத மாட்டேன்.

22.1.2025, புதன்

அரிப்பு நிற்கவில்லை. தோல் சிவந்திருக்கிறது. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

25.1.2025, சனி

ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவுகிறேன். காலையில் சோப்பு. மதியம் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது சோப்பு. சாயங்காலம் வெந்நீரில் கிருமிநாசினி நான்கு மூடி ஊற்றி. பாட்டிலில் ஒரு மூடி என்று போட்டிருக்கிறது. அது தரை துடைக்கிறவர்களுக்காக இருக்கும்.

எரிகிறது. எரிந்தால் கிருமி சாகிறது என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு கழுவுகிற எனக்கு இது வரலாமா? களத்தில் ரெத்தினம் நாலு பேருக்கு முன்னால் கைலியைத் தூக்கிச் சொறிகிறான், ஒரே கைலியில் மூன்று நாள் இருக்கிறான், அவனுக்கு ஒன்றும் இல்லை. கடவுள் ஆள் மாறிக் கொடுத்துவிட்டார்.

27.1.2025, திங்கள்

மெடிக்கலுக்குப் போனேன். நம் ஊர்க் கடையில் கேட்க முடியுமா? நாலு கிலோமீட்டர் தள்ளி ராஜராஜன் கடைக்குப் போனேன். அங்கேயும் ஒரு பெண் நின்றுகொண்டு குழந்தை மருந்து வாங்கினாள். அவள் போகும்வரை பற்பசை விலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே வேணும்?"

"அரிப்பு."

"எங்கண்ணே?"

"தொடையில."

தொடையில் ஒன்றும் இல்லை. என் தொடை வாழைத்தண்டு மாதிரி சுத்தமாக இருக்கிறது. ராஜராஜன் தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரு டியூப்பை எடுத்துப் போட்டான். "இதத்தாண்ணே எல்லாரும் வாங்குறாங்க. அறுப்பு சீசன்ல பெட்டி பெட்டியா போவுது." எல்லோரும் தடவுகிறார்களா? இந்த ஊரில் இத்தனை பேர் அரிப்போடுதான் நடமாடுகிறார்களா? இனி யார் கையையும் குலுக்க மாட்டேன்.

29.1.2025, புதன்

டியூப் தடவியதும் அரிப்பு அடங்கியது. நிம்மதி.

ஆனாலும் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். வல்லியிடம் தூசி இருமல் என்று சொன்னேன். "இருமலே காணமேங்க" என்றாள். உடனே இரண்டு தடவை இருமிக் காட்டினேன். கட்டிய மனைவியிடம் நாடகம். இந்த அசிங்கத்தை அவளுக்கும் ஒட்டவைக்கக் கூடாது. அதைவிட, அவள் இதைப் பார்த்துவிடக் கூடாது. இருபத்தோரு வருடமாக அவளை அதைத் தொடாதே, இதைக் கழுவு, கையைக் காட்டு என்று சொன்னவன் நான். இப்போது எந்த முகத்தோடு காட்டுவேன்?

1.2.2025, சனி

நல்ல காலம் ஒன்று. வீட்டில் கருவாட்டு வாடை இல்லை.

வல்லி கோடியக்கரைப் பெண். அவள் அண்ணன் காயாரோகணம் படகு வைத்திருக்கிறார். மாதம் ஒரு தடவை பஸ்ஸில் ஒரு தகர டப்பா வரும், நெத்திலி, வாளை, கூனி எல்லாம் காய்ந்துபோய். அவள் அதை வறுக்கும் நாளில் நான் எல்லா ஜன்னலையும் திறந்து, காற்றாடியை முழு வேகத்தில் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். இன்று பார்த்தால் அந்த டப்பா சமையலறையில் இல்லை. பக்கத்து வீட்டுக் கவிப்ரியாவிடம் கொடுத்துவிட்டாளாம்.

"ஏன்?" என்றேன்.

"சும்மாதான். ரொம்ப நாளா கெடந்துச்சு" என்றாள்.

அலமாரியில் புதிதாக மல்லிகை சோப்பு, பவுடர். கடைசியில் என் பேச்சு ஏறியிருக்கிறது. வீடு மணக்கிறது. எனக்குத்தான் அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

4.2.2025, செவ்வாய்

மறுபடியும் வந்துவிட்டது. முன்னைவிட மோசம். டியூப்பை விட்டால் அரிக்கிறது, தடவினால் எரிகிறது. தோல் மெலிந்து பளபளவென்று, அங்கங்கே வெடித்து... இதற்கு மேல் எழுத மாட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழுவுகிறேன். கிருமிநாசினி பாட்டில் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. வல்லி காலி பாட்டிலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை.

மதியம் போனில் தேடினேன். படங்கள் வந்தன. ஐயோ. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன், போனைத் தொட்டதற்கே. அந்தக் காலத்தில் மேக வியாதி என்பார்களே, அதுவாக இருக்குமோ? நான் யாரிடமும் போனதில்லை. ஒருத்தியைத் தவிர யாரையும் தொட்டதில்லை. ஆனால் யார் நம்புவார்கள்? அந்த ஒருத்தி நம்புவாளா?

6.2.2025, வியாழன்

பில் எழுத உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எழுதினேன். ரெத்தினம், "சாருக்கு மூலமா?" என்று களம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மூலம் கௌரவமான வியாதி.

9.2.2025, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் இருந்தால் நல்லது. எழுதுகிறேன்.

மகள் ஜீவிதா கும்பகோணம் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். பேசி முடித்ததும் வல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்திருந்தாள், பூ வைத்திருந்தாள், மல்லிகைப் பவுடர் கழுத்து வரை. தான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் பிள்ளைகள் அந்த வாரம் என்ன செய்தார்கள் என்று ஏதோ சொல்லிக்கொண்டே கையை என் முட்டியில் வைத்தாள். "உள்ள வந்து படுங்களேன். இருமுனா இருமிட்டுப் போங்க" என்றாள்.

வேட்டி உரசினாலே உயிர் போகிற நேரம். கிருமிநாசினி போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எரிச்சலில் முகம் கோணியது. "தள்ளிப் போ" என்றேன். மூக்கை வேறு சுளித்தேன், எனக்கே தெரிந்தது. என் மேலிருந்து வந்த மருந்து நாற்றத்துக்குத்தான் சுளித்தேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அப்படியே அந்தக் கையைத் தூக்கி ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எழுந்து போய்விட்டாள்.

தூ. என்ன பிழைப்பு இது.

12.2.2025, புதன்

திருவாரூர் போனேன். சொந்தக்காரர் சாவு என்று லீவு சொன்னேன். எந்தச் சொந்தக்காரரையும் கொல்ல மனமில்லாமல், செத்துப் பல வருடமான ஒருவரை மறுபடி சாகவைத்தேன்.

தோல் மருத்துவர் என்று போர்டு. பெயர் இருந்த இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. உள்ளே போனால் அம்மா ஒருவர், டாக்டர் சஃபியா. திரும்பிவிட்டேன். "உக்காருங்க. அஞ்சு நிமிஷம்தான்" என்றார். ஓடிப்போவதற்கும் தைரியம் வேண்டும்.

"என்ன பிரச்சினை?"

"தொடையில..."

"தொடையிலயா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து, "ஆண்குறியிலயா?" என்று கேட்டார். நாக்கில், கன்னத்தில் என்பதுபோலச் சாதாரணமாக. நான் தலையை ஆட்டினேன். காது மடல் இரண்டும் சுட்டது.

ஆண் உதவியாளர் ஒருவரைக் கூப்பிட்டுத் திரைக்கு அந்தப்பக்கம் நிற்கவைத்துக்கொண்டு பார்த்தார். அந்த ஒரு நிமிடம் நான் சுவரில் இருந்த கொசுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை. பிறகு கேள்விகள். வேறு பெண்களோடு தொடர்பு உண்டா? "நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல" என்று குரல் உயர்த்தினேன். "எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான். கோவப்படாதீங்க" என்றார்.

எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் என்றார். சொன்னேன். எத்தனை தடவை? சொன்னேன். எத்தனை மூடி? சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், மனுஷன் எவ்வளவு சுத்தம் என்று தெரிந்துகொள்ளட்டுமே. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அது கண்ணிமை மாதிரி மெல்லிசுத் தோல். கண்ணுல இத ஊத்துவீங்களா?"

டியூப்பையும் காட்டினேன். வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். கொஞ்ச நாள் அடக்கி, பிறகு தோலையே கெடுக்கும் சரக்காம். பெரிய வியாதி ஒன்றும் இல்லையாம். சோப்பும் கிருமிநாசினியும் டியூப்பும் சேர்ந்து செய்த வேலையாம். சுத்தம் சோறு போடும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் புண்ணும் போடும் என்று சொல்லவில்லை.

"சரி, மொதல்ல அரிப்பு எப்படி வந்துச்சு? என்ன வேலை பாக்குறீங்க?"

கொள்முதல் நிலையம் என்றேன். ஈரம் பார்க்க மெஷின் உண்டு, ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு குவியலிலும் முழங்கை வரை கையை விட்டு அள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, அரிசியைக் கடித்துப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. அதையும் சொன்னேன்.

"நெல்லுல சுணை இருக்குமே. கை அரிக்காதா?"

"கை காப்புக் காய்ச்சிருச்சும்மா. தெரியாது."

"ஒண்ணுக்குப் போனா கை கழுவுவீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி? "களத்துலயே நான் ஒருத்தன்தான் கழுவுறவன். சோப்பு போட்டு" என்றேன்.

"எப்ப?"

"போயிட்டு வந்து."

"போறதுக்கு முன்னாடி?"

முன்னாடியா? முன்னாடி எவனாவது கழுவுவானா?

அவர் சிரிக்கவில்லை. "கையில இருக்குற சுணையும் தூசியும் அங்க கொண்டு போறீங்க. அப்புறம் அது அசிங்கம்னு நெனச்சுக் கையக் கழுவுறீங்க" என்றார்.

வெறும் தண்ணீர் போதும். தோலை மெதுவாகப் பின்னால் தள்ளி, ஒரு நாளைக்கு ஒரு தடவை கழுவி, ஒற்றித் துடைத்து, தோலை முன்போல விட்டுவிட வேண்டும். சோப்பு கூடாது. பருத்தி உள்ளாடை. ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் வரச் சொன்னார். கடைசியாக, "வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லிடுங்க. அவங்களுக்கும் ஏதாவது தொந்தரவு இருந்தா பாத்துரலாம்."

பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன். இன்றே சொல்லிவிடுவது. எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் எட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. சாவி கவிப்ரியா வீட்டில். "அக்கா லீவு போட்டுட்டு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருக்காங்கண்ணே. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்களே" என்றாள்.

எனக்குத் தெரியாது.

13.2.2025, வியாழன்

கையைக் கழுவினேன், முன்னாடி. பிறகும் கழுவினேன். களத்தில் அடிகுழாய்க்கும், எல்லோரும் ஒண்ணுக்குப் போகிற சாக்கு அடுக்கு மறைவுக்கும் நடையோ நடை. ரெத்தினம் என்னையே பார்க்கிறான்.

16.2.2025, ஞாயிறு

எரிச்சல் பாதி குறைந்துவிட்டது. வெறும் தண்ணீர். நம்பவே முடியவில்லை. இத்தனை வருடம் அதை ஒரு எதிரி மாதிரித் தேய்த்திருக்கிறேன்.

வல்லிக்குப் போன் செய்தேன். சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். எப்போது வருகிறாய் என்றேன். பார்க்கலாம் என்றாள். போனில் சொல்ல முடியவில்லை. அவள் பக்கம் காற்று இரைந்தது, என் பக்கம் காற்றாடி இரைந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டதோ? காலி பாட்டில், தனிப்படுக்கை, ஒளித்துவைத்த டியூப், எல்லாம் சேர்த்து நான் எங்கேயோ போய் வாங்கி வந்துவிட்டேன் என்று நினைக்கிறாளோ? அதற்குத்தான் போய்விட்டாளா? இருபத்தோரு வருடம் ஒரு டியூப்பில் முடிந்துவிடுமா?

18.2.2025, செவ்வாய்

காயாரோகணம் போன் செய்தார். என்னிடம் அதிகம் பேச மாட்டார், என் முன்னால் பீடிகூடப் பற்றவைக்க மாட்டார், சுத்தக்காரன் என்று பயம். இன்று அவராகவே பேசினார்.

"மாப்ள, தப்பா நெனக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

கேளுங்க என்றேன். அவ்வளவுதான், தீர்ந்தது, வக்கீல் பேச்சு வரப்போகிறது என்று நினைத்தேன்.

"தங்கச்சி மேல ஏதாவது வாடை அடிக்குதா மாப்ள?"

எனக்குப் புரியவில்லை.

"வந்ததுலேந்து கருவாட்டத் தொட மாட்டேங்குது. மீனும் திங்கல. ஒரு நாளைக்கு மூணு தடவ தலைக்கு ஊத்துது. கேட்டா, ஒட்டிக்கும்ண்ணே, அவுருக்கு ஆவாதுங்குது. நாங்க கடக்கரையில பொறந்தவங்க மாப்ள. அது குளிச்சா போறதில்ல."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். டப்பாவைக் கவிப்ரியாவிடம் கொடுத்தது. மல்லிகை சோப்பு. பவுடர். தள்ளிப் போ என்றதும் அந்தக் கையை முகர்ந்து பார்த்தது.

கல்யாணமான முதல் வாரம் நான் ஒன்று சொன்னேன். மறந்தே போயிருந்தேன். "தலகாணியெல்லாம் கருவாட்டு நாத்தம்." சொல்லிவிட்டுத் தலையணை உறையை உருவி வாசலில் எறிந்தேன். அவள் பதினெட்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசிவிட்டாள், நானும் முடிந்தது என்று இருந்துவிட்டேன். முடியவில்லை. இருபத்தோரு வருடமும் அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

என் உடம்பு எனக்கு அருவருத்தது. அவள் உடம்புதான் எனக்கு அருவருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அங்கே கிருமிநாசினி ஊற்றிய அதே நாட்களில் அவள் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில். ஒரே குழாய்த் தண்ணீரில்.

நான் எல்லாம் மனுஷனா? ரெத்தினத்தின் எச்சில் கிளாஸ் என்னைவிடச் சுத்தம்.

19.2.2025, புதன்

வேதாரண்யத்தில் இறங்கிக் கோடியக்கரை பஸ் பிடித்தேன். வழியெல்லாம் உப்புக் குவியல். கரையில் இறங்கியதும் அந்த வாடை. மணலில் வலை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். எப்போதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைப்பேன். எடுத்தேன். திரும்பச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

வல்லி வலைக்கு எட்டத்தில், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு பழைய படகில் சாய்ந்து நின்றாள். வாடை மேலே படாதபடி. பிறந்த ஊரில் நிற்கிறவள் விருந்தாளி மாதிரி நின்றாள். அதைப் பார்த்ததும் எட்டு விதமாகத் தயாரித்ததெல்லாம் போய்விட்டது.

"வல்லி, எனக்கு ஒரு புண்ணு."

"எங்க?" பதறிவிட்டாள்.

"அங்க."

"அங்கன்னா?"

"கீழ."

கால் விரலைப் பார்த்தாள். பிறகு முட்டியைப் பார்த்தாள். எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் வாயில் எடுக்க முடியாத வார்த்தைகள். கடைசியில் அந்த டாக்டரம்மா சொன்னதையே சொன்னேன். "ஆண்குறியில." ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன் மாதிரி இருந்தது.

அவள் என்னையே பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அருவருப்பு என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சோப்பு, நான்கு மூடி, ராஜராஜன் டியூப், தொடை என்று சொன்ன பொய், மூலம் என்று சொன்ன பொய், முன்னாடி. தள்ளிப் போ என்று சொன்னது எதனால் என்பதையும் சொன்னேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள். அப்படியே எழுதிவைக்கிறேன், மறக்கக் கூடாது.

"வேற ஒருத்தி இருக்கான்னாகூட பரவால்லங்க. அவள மயிரப் புடிச்சு ரெண்டு கேள்வி கேக்கலாம். என் மேல வாடைன்னா நான் யாருகிட்ட போயி சண்ட போடுறது? எங்கப்பன்கிட்டயா? கடல்கிட்டயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நெல்லுச் சுணை பட்டா உங்களுக்கு அரிக்குது. டாக்டர்கிட்ட ஓடுறீங்க. அன்னிக்குத் தலகாணிய எறிஞ்சீங்களே, எனக்கு அரிக்கலன்னு நெனச்சீங்களா? சுணை கெட்ட மனுஷா."

ஆமாம் என்றேன்.

"வீட்டுக்கு வா வல்லி."

"பாக்கலாம். நீங்க போங்க."

பஸ் ஏறும்போது காயாரோகணம் வந்து நின்றார். ஒரு பொட்டலம் நீட்டினார். வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து முன் சீட்டுக்குப் போனார். எனக்குச் சுரீர் என்றது. இப்படித்தானே இருந்திருக்கும் அவளுக்கு.

21.2.2025, வெள்ளி

வரவில்லை.

22.2.2025, சனி

கவிப்ரியா வீட்டுக்குப் போய் அந்தத் தகர டப்பாவைக் கேட்டேன். "கருவாடு தீந்துபோச்சேண்ணே" என்று பயந்துவிட்டாள். டப்பா போதும் என்றேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, காயாரோகணம் கொடுத்ததை அதில் கொட்டி, பழைய இடத்தில் வைத்தேன். கழுவிவிட்டு வைக்கலாம் என்று கை போனது. கழுவவில்லை. அது அவள் டப்பா.

புண் ஏறக்குறைய ஆறிவிட்டது. யாருக்கு வேண்டும்?

23.2.2025, ஞாயிறு

மத்தியானம் வந்தாள். பையை வைத்தாள், சமையலறைக்குள் போனாள். டப்பாவைப் பார்த்திருப்பாள். மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சோறு வெக்கவா, இல்ல ஏற்கெனவே கழுவித் தின்னுட்டீங்களா?" என்றாள்.

3.3.2025, திங்கள்

களத்தில் சாக்கு அடுக்குக்குப் போகும் வழியில் ஒரு டிரம் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். "போயிட்டு வந்து கழுவவா சார்?" என்றான் ரெத்தினம். "முன்னாடி" என்றேன். ஏன் என்றான். சொன்னேன். வார்த்தையோடு சொன்னேன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். ரெத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. ஆட்கள் கலைந்ததும் பக்கத்தில் வந்து, "சார், அந்த டாக்டரம்மா திருவாரூர்ல எந்த இடம்?" என்று மெதுவாகக் கேட்டான். அவனுக்கும் மூன்று வருடமாகவாம். ராஜராஜன் டியூப்பாம்.

கடவுள் ஆள் மாறிக் கொடுத்துவிட்டார் என்று நான் எழுதியிருக்கிறேன், ஜனவரியில். வெட்கமாக இருக்கிறது. முகவரியை எழுதிக் கொடுத்தேன். அவன் டீ வாங்கி வந்தான். கட்டைவிரல் உள்ளேதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாதி குடித்தேன். மீதியைப் பின்னால் ஊற்றிவிட்டேன். ஒரே நாளில் எல்லாம் ஆகாது.

9.3.2025, ஞாயிறு

இரண்டு நாளாக உள்ளேதான் படுக்கிறேன்.

நேற்று சாயங்காலம் நெத்திலியைக் கிள்ளிக் கொடுக்கச் சொன்னாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு தலை கிள்ளினேன், அரைக் கிலோவும். நடுவில் ஒண்ணுக்கு வந்து எழுந்தேன். அடுப்படியிலிருந்து, அங்கன்வாடிப் பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில், "முன்னாடி" என்றாள். கையைக் கழுவிவிட்டுப் போனேன்.

வறுக்கும்போது ஜன்னலைத் திறக்கவில்லை. அவளாகத்தான் எழுந்து வந்து ஒன்றைத் திறந்துவிட்டுப் போனாள், புகை என்று.

இன்று காலை விழித்தபோது தலையணையில் கருவாட்டு வாடை. நான் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள். குனிந்து என் தலையணையை முகர்ந்தாள், பிறகு தன் தலையணையை, பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அதையும் முகர்ந்தாள்.

"என்னுது இல்லங்க" என்றாள். "உங்களுது."